சத்தமில்லாத கறிக்கட்டை

என் அக்கா ஹில்டாவுக்குப் பொய் சொல்ல வராது. கணக்கு டீச்சர். விடைத்தாளில் அரை மார்க்குக்குக்கூட இரங்காதவள். நான் அவளிடம் டியூஷன் படித்த காலத்தில், சொந்தத் தங்கை என்றும் பாராமல் எனக்கு முட்டை போட்டு, அதை அப்பாவிடம் தானே கொண்டுபோய்க் காட்டியவள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய பொய் சொன்னாள். அதையும் வாய் திறந்து சொல்லவில்லை. வேறொருவர் சொன்னார், இவள் தலையாட்டினாள்.

அத்தான் டெனிஸுக்கு வாயில் புற்றுநோய். பீடி, சிகரெட், வெற்றிலை எதையும் தொடாத மனிதருக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், எனக்கு ஆத்திரம்தான் வரும். கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, தொடைச் சதையை வைத்துத் தைத்திருந்தார்கள். அப்போது அவர்கள் படப்பையில் குடியிருந்தார்கள். அத்தான் ஒரகடம் பக்கத்து வார்ப்புப் பட்டறை ஒன்றில் மர அச்சு செய்கிறவர். இரும்பில் என்ன உருவம் வார்க்க வேண்டுமோ, அதை முதலில் மரத்தில் செய்து கொடுக்கிற வேலை. கை அவ்வளவு சுத்தம்.

தையல் ஆறியதும் டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். "ஆறு வாரத்துக்குள்ள கரண்ட் வெக்க, அதான் ரேடியேஷன், ஆரம்பிக்கணும். ஆனா இந்த எடையில வெச்சா உடம்பு தாங்காது. எப்படியாவது சாப்பிட வெச்சு எடையை ஏத்துங்க. தள்ளிப்போட்டா வியாதி நமக்காகக் காத்திருக்காது."

படப்பையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் வந்து போவதற்குள் அத்தானுக்குப் பாதி உயிர் போய்விடும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக வீடு தேடினோம். செம்பாக்கம் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு மாடிப் போர்ஷன் அமைந்தது. கீழே வீட்டுக்காரர் ராஜகோபால் சார், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி சுபத்ரா ஆன்ட்டி. நல்ல காற்று, நல்ல தண்ணீர். ஒரே ஒரு நிபந்தனை, சைவம் மட்டும்.

புரோக்கர் கிட்டு அதற்கெல்லாம் அசருகிற ஆளா? "சார், இவங்க சைவக் கிறிஸ்டியன்ஸு சார். முட்டைகூடத் தொட மாட்டாங்கோ. நம்மள வுட சுத்தம்" என்று அடித்துவிட்டார்.

ராஜகோபால் சார் அக்காவைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

அக்கா தெருவைப் பார்த்தாள். அங்கே ஆட்டோவுக்குள் அத்தான் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சாய்ந்திருந்தார். தலையாட்டிவிட்டாள்.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "தலையாட்டறதுக்கு முன்னாடி நம்ம வீட்டு ஞாயித்துக்கிழமையை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தியா?"

"கொஞ்ச நாள்தானே ஜெரூ. கஞ்சியும் பருப்பும் போதும். கறி தின்னாம யாரும் செத்தது இல்லை."

சொன்ன வாய் ஒரு வாரத்தில் அடைத்துப் போயிற்று. பருப்புக் கஞ்சியை அத்தான் ரெண்டு ஸ்பூனுக்கு மேல் தொடவில்லை. டின்னில் வந்த சத்து மாவைக் குடித்தபடியே வாந்தி எடுத்தார். முட்டை வாடையே ஆகவில்லை. எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்த மனுஷன், ஒரு சாயங்காலம், கோணிப்போன வாயால் தானாகவே கேட்டார்: "கொத்துக்கறி கிடைக்குமா?"

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் எதையும் வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இனி ராஜகோபால் சார் இல்லை, ராஜாவே வந்து குறுக்கே நின்றாலும் அந்த வீட்டில் கறி வேகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விவரம் சொல்கிற பெண், கறிக்கடை மெஷினில் அரைத்ததை வாங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வீட்டிலேயே கழுவி, சவ்வும் நரம்பும் இல்லாமல் நறுக்கி, இரண்டு தடவை அரைத்து, உடனே வேகவைக்க வேண்டும். ஒரு நார் நீளமாக இருந்தாலும் தொண்டையில் சிக்கிப் புரையேறிவிடும்.

"எங்க வீட்டிலயே அரைச்சு, சமைச்சுக் கொண்டு வரேனே. பீர்க்கன்கரணை என்ன அமெரிக்காவா?" என்றேன்.

"உன் மிக்ஸியில அரைச்சா பிசின் மாதிரி வரும், இல்லேன்னா நார் நாரா வரும். அவருக்குத் தொண்டையில மாட்டினா நீயா பதில் சொல்லுவே?" என்றாள். என்னை நம்பி ஒரு வெங்காயம்கூட நறுக்கக் கொடுக்க மாட்டாள், இதையா கொடுப்பாள்?

மெஷின் எளிதாகக் கிடைத்தது. தாம்பரம் மார்க்கெட் பாத்திரக்கடையில் கையால் சுற்றுகிற கைமா மெஷின் ஒன்றை வாங்கி வந்தேன். சிக்கல், கட்டைதான். கிரானைட் மேடையில் கறியை வைத்துக் கொத்தினால் அந்தச் சத்தம் எந்தச் சைவக் காதுக்கும் விளங்கிவிடும். முருங்கைக்காய் நறுக்குகிற சத்தமும் கறி கொத்துகிற சத்தமும் ஒன்றா?

"கட்டையை நான் செஞ்சு தரேன்" என்றார் அத்தான்.

படப்பை சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிய புளியமரத்திலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து காயவைத்திருந்தார். கறிக்கடைகளில் எல்லாம் புளியங்கட்டைதான் போடுவார்கள், கத்தி பட்டாலும் சிலும்பு கிளம்பாது. அதைப் பால்கனியில் வைத்துக்கொண்டு இழைத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், தேங்காய் எண்ணெய் தடவித் தடவி ஊறவைத்தார். அடியில் பழைய ஹவாய் செருப்புகளை அறுத்துத் தட்டுத் தட்டாக ஒட்டினார். அதன் மேல் முஷ்டியால் குத்திக் காட்டினார். மெத்தையில் குத்தியதுபோலத்தான் கேட்டது. கிரானைட்டில் மெஷினின் திருகு பிடிக்காது என்பதால், அதற்கும் ஒரு பலகை செய்தார். தேங்காய்த் துருவுமனையில் உட்காருவதுபோல அக்கா பலகையில் உட்கார வேண்டும், மெஷின் முன்னால் நிமிர்ந்து நிற்கும்.

கீழேயிருந்து ராஜகோபால் சார் அண்ணாந்து பார்த்து, "என்ன சார் செய்யறீங்க?" என்று கேட்டார்.

அத்தான் துண்டை விலக்கி, "காய் நறுக்க" என்றார். திருட்டு வேலைக்கு அவ்வளவு அழகாக ஒரு சாமான் செய்த மனிதரை நான் பார்த்ததில்லை.

கறி வாங்கி வருவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெயவேலு கடைக்குப் போவேன். எலும்பில்லாத தொடைக்கறியை நாலு கவருக்குள் கட்டி, ஜிப் வைத்த என் பைபிள் பைக்குள் வைத்து மூடுவேன். பைபிள் கையில் இருக்கும்.

ஜெயவேலு தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாக்கா இது, பைபிள் பையில கறி வெச்சுகினு போறே? சாமி கோச்சுக்காதா?"

"சாமி கோச்சுக்காது. ஹவுஸ் ஓனர்தான் கோச்சுக்குவாரு."

ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜகோபால் சார் பூஜை முடித்ததும் தண்ணீர் மோட்டாரைப் போடுவார். பழைய மோட்டார், தெருவே அதிருகிற மாதிரி உறுமும். தொட்டி நிரம்புகிற வரைக்கும்தான் எங்களுக்கு அவகாசம். மோட்டார் உறும ஆரம்பித்ததும் அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து கொத்த ஆரம்பிப்பாள். எத்தனை செருப்பு ஒட்டினாலும் கொஞ்சம் சத்தம் கீழே இறங்கத்தான் செய்யும். மோட்டார் நிற்பதற்குள் கொத்தி முடித்துவிட்டால், அப்புறம் மெஷினுக்குச் சத்தமே கிடையாது. பிடியைச் சுற்றச் சுற்ற, தட்டின் ஓட்டைகள் வழியாகக் கறி நூல் நூலாக இறங்கும். எடுத்து மறுபடியும் போட்டு அரைப்பாள். பிறகு ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுச் சின்னத் தீயில் வேகவைப்பாள். வாடைக்கு நான் சாம்பிராணி போடுவேன். நாங்கள் ஏழு தலைமுறையாகச் சாம்பிராணி போட்டவர்கள் இல்லை. "இந்தப் பொண்ணுக்கு என்ன பக்தி பாரு" என்று சுபத்ரா ஆன்ட்டி எதிர்வீட்டில் சொன்னாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்குப் பந்தியில் உட்கார்ந்தவர்களே ஆசீர்வாதம் சொன்ன கதைதான்.

அத்தான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கப் பால்கனிக்குப் போய்விடுவார். "வாய் ஒழுகுது. யாரும் பார்க்க வேண்டாம்" என்பார். அக்கா முன்கதவில் காதை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, படியில் யாராவது ஏறுகிறார்களா என்று கேட்டுக்கொண்டே நிற்பாள். அத்தான் காலிக் கிண்ணத்தோடு வந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

"பாரு ஜெரூ, வழிச்சுச் சாப்பிட்டிருக்கார்" என்று கிண்ணத்தை என்னிடம் காட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

இரண்டாவது ஞாயிறு, கொத்து பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மோட்டார் சட்டென்று நின்றது. அக்காவின் கத்தி அதற்குள் இறங்கிவிட்டது. அந்த நிசப்தத்தில் 'தொம்' என்று விழுந்த ஒரு வெட்டு எனக்கு இடிபோலக் கேட்டது. இருவரும் அசையவில்லை. கீழே கதவு திறந்தது. செருப்புச் சத்தம் படியில் ஏறியது.

அக்கா அரைகுறையாகக் கொத்திய கறியோடு கட்டையை அடுப்பு மேடைக்கு அடியில் தள்ளி, அதற்கு முன்னால் சேலையை விரித்து உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். சுபத்ரா ஆன்ட்டி கையில் ஒரு கிண்ணம்.

"சுண்டல் பண்ணேன். சார் மெதுவா மசிச்சுச் சாப்பிடட்டும். டீச்சர் எங்க?"

"குளிக்கறா ஆன்ட்டி" என்றேன். அதே நேரம் சமையலறையில் அக்கா தும்மினாள், நான் முன்கூட்டியே மூட்டியிருந்த சாம்பிராணிப் புகை.

சுபத்ரா ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு ஏன்மா இப்படி வேர்க்குது?"

"ஃபேன் இல்லை ஆன்ட்டி. கரண்ட் போயிடுச்சு."

"போய் ஒரு நிமிஷம்தானே ஆச்சு" என்றபடி அவர் இறங்கிப் போனார். கதவைச் சாத்திவிட்டு வந்தபோது, அக்காவின் கைகள் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. அத்தான் அறை வாசலில் நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் கணக்கில் எடுக்கவில்லை.

திங்கட்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்கள். முதல் வாரம் ஏறவில்லை. பரவாயில்லை, உடம்பில் ஒட்ட நாளாகும் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். இரண்டாவது வாரம் இறங்கியிருந்தது.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "உண்மையிலேயே சாப்பிடறாராம்மா?"

"நான் பொய் சொல்ல மாட்டேன் டாக்டர்" என்றாள் அக்கா. நான் கூரையைப் பார்த்தேன். அத்தான் தரையைப் பார்த்தார்.

"அடுத்த தடவை முள்ளு மேல போகணும். போகலைன்னா கரண்ட் தேதி கொடுக்க முடியாது. அதுக்கு அப்புறம் என் கையில எதுவும் இல்லை."

அக்காவுக்கு வெறி பிடித்துவிட்டது. ஞாயிறு போதாது என்று புதன்கிழமையும் லீவு போட்டுவிட்டு அரைத்தாள். புதன்கிழமை மோட்டார் போடுகிற நேரம் தெரியாது. காலையிலிருந்து கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து, அது உறுமியதும் பாய்ந்து கொத்தினாள். விரலைக்கூட ஒரு தடவை வெட்டிக்கொண்டாள். அத்தான் வாங்கிக்கொண்டு போனார், காலிக் கிண்ணத்தோடு வந்தார். "சாப்பிட்டது எங்கதான் போகுது?" என்று அக்கா என்னிடம் கேட்டுக் கேட்டு அழுதாள். வியாதிதான் தின்கிறது என்று எனக்குப் பயம். அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு. மறுநாள் எடை. அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. மோட்டார் நிற்பதற்குள் கொத்தியாயிற்று, அரைத்தாயிற்று, குழையக் குழைய வேகவைத்தாயிற்று. அத்தான் கிண்ணத்தோடு பால்கனிக்குப் போனார். நான் மெஷினைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா கதவில் காதை வைத்தவள் அப்படியே பின்வாங்கினாள். கனமான காலடி. கதவு தட்டப்பட்டது.

ராஜகோபால் சார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உள்ளே வரலை. டீச்சர், பின்னாடி சந்துல கொஞ்ச நாளா ஒரு நாய் வந்து உட்காருது. மாடியையே பார்த்துக்கிட்டு உட்காருது. ஏன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. சார் பால்கனியிலேர்ந்து கிண்ணத்தை அப்படியே கவிழ்க்கறார். அங்கே போய்ப் பார்த்தேன். கறி."

அக்காவின் பார்வை பால்கனிப் பக்கம் போனது.

"நீங்க என்ன சாப்பிடணும்னு சொல்ல நான் யாரு? கறி சாப்பிட விடற வீடா பார்த்துப் போயிருக்கலாம். என்கிட்ட தலையாட்டினீங்க. என் வீட்டுக்காரி உங்களுக்குச் சுண்டல் கொண்டாந்து கொடுத்தா. எங்க ரெண்டு பேரையும் முட்டாளாக்கிட்டீங்களே அம்மா. மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க."

நியாயமான பேச்சு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் அக்கா வீட்டைப் பற்றிக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அப்படியேவா கவிழ்த்தார்?" என்றாள்.

"என்ன?"

"எல்லாத்தையுமா சார்? கொஞ்சமாவது வாயில வெச்சாரா?"

"நான் வீட்டைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்."

"வீடு கிடக்குது சார். சொல்லுங்க, ஒரு வாயாவது சாப்பிட்டாரா?"

ராஜகோபால் சார் திணறிப்போனார். கோபமாக வந்தவருக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று தெரியாது. "நான் பார்த்த வரைக்கும்… இல்லைம்மா" என்றார், குரல் இறங்கி.

அக்கா பால்கனிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். அத்தான் காலிக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

"ஏன்?" என்றாள் அக்கா. "ஏன்? எரியுதா? நார் இருந்துச்சா?"

"இல்லை. நல்லாத்தான் அரைச்சிருந்தே."

"பின்னே என்ன? சாகணும்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

அவர் பேசினால் ஒவ்வொரு சொல்லும் நொண்டிக்கொண்டுதான் வரும். அன்றைக்கு அதைவிட மெதுவாக வந்தது. "முதல் நாள் ஒரு வாய் வெச்சேன். முழுங்கினேன். எனக்கு இப்ப முழுங்கினா சத்தம் வருது ஹில்டா. களக் களக்னு. உள்ளே நீ கதவுல காதை வெச்சுக்கிட்டு, மூச்சைக்கூட விடாம நிக்கறே. நான் முழுங்கற சத்தம் கீழே கேட்டுடுமோன்னு தொண்டை அடைச்சுப்போச்சு. அப்புறம் இறங்கவே இல்லை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"கை நடுங்க நடுங்க அரைக்கறே. விரலை வெட்டிக்கறே. வேண்டாம்னு எந்த வாயால சொல்றது?"

எந்த வாயால என்று அந்த மனுஷன் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. அவள் முகம் கல்லாகிவிட்டது. திரும்பி நடந்து வாசலுக்குப் போனாள். ராஜகோபால் சார் இன்னும் அங்கேதான் நின்றிருந்தார்.

"மாசக் கடைசியில காலி பண்ணிடறோம் சார். பொய்க்குத் தலையாட்டினது நான். அது என் தப்பு, அவரோடது இல்லை. ஆன்ட்டிகிட்ட நானே வந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். இப்ப அவர் சாப்பிடணும்."

அவர் படியை நோக்கித் திரும்பினார். அக்கா முன்கதவை விரியத் திறந்து செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். ஜன்னல் ஒன்றைக்கூட விடாமல் திறந்தாள். சாம்பிராணித் தட்டில் தண்ணீரை ஊற்றினாள். ராத்திரிக்கு என்று எடுத்து வைத்திருந்த கறியைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வந்து, அத்தானை ஹாலில் நாற்காலியில் உட்காரவைத்தாள். அவருக்கு எதிரே, திறந்த கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டாமல் அவள் உட்கார்ந்ததை அந்த வீட்டில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதல் ஸ்பூன். பாதி ஒழுகியது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார். களக். அறைக்கே கேட்டது. படியில் இறங்கிக்கொண்டிருந்த செருப்பு ஒரு நொடி நின்றது, பிறகு இறங்கிப் போனது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னும் சத்தமா முழுங்குங்க" என்றாள்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நான் சுவரில் சாய்ந்துகொண்டு, அவர் தொண்டை மேலும் கீழும் போவதையே பார்த்தேன். எனக்கும் சேர்த்து இறங்குவதுபோல இருந்தது. கிண்ணம் பாதி காலியானபோது அத்தான் கையை உயர்த்தி நிறுத்தினார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. போதும் என்று சொல்லப் போகிறார் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

"ஹில்டா" என்றார். "உப்பு கம்மி."

தன் சமையலில் குறை சொன்னால் சண்டைக்கு வருகிறவள் என் அக்கா. அன்றைக்கு, "கொண்டாறேன், இதோ கொண்டாறேன்" என்று அழுதுகொண்டே சமையலறைக்கு ஓடினாள்.